தொங்கட்டான் முதல் டாலர் வரை: தொங்கும் நகைக்குச் சரியான சொல்லை எடுப்பது எப்படி

நகைப் பட்டியல் எழுதுகிறவர்களும் மொழிபெயர்க்கிறவர்களும் அகராதிக் குறிப்பு தயாரிக்கிறவர்களும் ஒரே இடத்தில்தான் வழுக்குகிறார்கள். ‘பெண்டன்ட்’ என்று பார்த்தவுடன் ‘பதக்கம்’ என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். கூரையிலிருந்து தொங்கும் விளக்கு ‘பதக்க விளக்கு’ ஆவதும், கழுத்துச் சங்கிலியில் ஆடும் சின்ன இலை ஏதோ ஓட்டப்பந்தயத்தில் வாங்கிய பரிசு போல ஒலிப்பதும் இதனால்தான்.

ஆங்கிலத்தில் அந்த ஒரு சொல்லே போதும். லத்தீனில் ‘தொங்கு’ என்று பொருள்படும் ‘பெண்டேரே’ அதன் வேர். தொங்குகிற எதற்கும் அது பொருந்தும். தமிழ் அப்படிப் பொதுவாகப் பெயர் வைப்பதில்லை. எங்கே தொங்குகிறது என்று முதலில் கேட்கும், அதற்கேற்பத் தனித்தனிப் பெயர் கொடுக்கும்.

முதலில் பொருளைப் பாருங்கள், சொல்லை அப்புறம் தேடலாம்

மூன்று கேள்விகள் போதும். எங்கே தொங்குகிறது? எதிலிருந்து தொங்குகிறது? ஆடுகிறதா, அசையாமல் கிடக்கிறதா?

காதில் என்றால் தொங்கட்டான், லோலாக்கு, ஜிமிக்கி. கழுத்துச் சங்கிலியின் நடுவில் என்றால் பதக்கம் அல்லது டாலர். மூக்கின் நடுத்தண்டிலிருந்து உதட்டின் மேல் ஆடுவது புல்லாக்கு. வகிட்டிலிருந்து நெற்றியில் இறங்குவது நெற்றிச்சுட்டி. பின்னலின் நுனியில் ஆடுவது குஞ்சலம். இவற்றில் ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட முடியாது. ‘மூக்கில் லோலாக்கு’ என்று எழுதினால் வாசகர் சிரிப்பார்.

இரண்டாவது கேள்வியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஜிமிக்கி பெரும்பாலும் தனியாகக் காதில் நிற்பதில்லை. மேலே ஒரு தோடோ கம்மலோ இருக்கும். அதன் தண்டு காதுச் சோணைத் துளை வழியே போக, பின்னாலிருந்து திருகாணி பிடித்துக்கொள்ளும். தோட்டின் கீழ்விளிம்பில் ஒரு சிறு வளையம் இருக்கும். கவிழ்த்த மணி போன்ற ஜிமிக்கி அதில் மாட்டித் தொங்கும். அதன் வாய் விளிம்பைச் சுற்றி முத்தோ பொடிமணியோ குச்சாக ஆடும். எடை கூடினால் காதுத் துளை கீழ்நோக்கி இழுபடும். அதைத் தடுக்கத்தான் காதிலிருந்து கூந்தலுக்கு ‘மாட்டல்’ என்ற சரம் போகிறது. ஆகவே ‘தோடு’ என்று எழுதினால் மேல்பாகம் மட்டும், ‘ஜிமிக்கி’ என்று எழுதினால் கீழே ஆடும் குடை. பட்டியலில் இரண்டும் இருந்தால் ‘தோடும் ஜிமிக்கியும்’ என்று சேர்த்தே எழுதுங்கள். இல்லாவிட்டால் வாங்குபவர் ஒன்றை எதிர்பார்ப்பார், கையில் வேறொன்று வந்து சேரும்.

மூன்றாவது கேள்வி, கடுக்கனையும் மூக்குத்தியையும் விலக்கி வைப்பதற்கு. அவை ஆடாதவை. தொங்கும் நகைகளின் வரிசையில் அவற்றுக்கு வேலையில்லை.

எழுத்து வடிவங்களை எல்லாம் திரட்டுங்கள்

அகராதியில் சொல் கிடைக்கவில்லை என்று கைவிடுவதற்கு முன், அதன் மாற்று வடிவங்களைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஜிமிக்கியைச் சிமிக்கி என்றும், லோலாக்கை உலோலாக்கு என்றும், புல்லாக்கைப் புலாக்கு, பில்லாக்கு என்றும், தொங்கட்டானைத் தொங்கட்டம் என்றும் தேடிப் பார்க்க வேண்டும். பழைய பதிப்புகளில் கிரந்த எழுத்தைத் தவிர்த்திருப்பார்கள். அதனால் ‘ஜ’வில் தேடியது ‘ச’வில் ஒளிந்திருக்கும். பாதித் தேடல்கள் இங்கேதான் வீணாகின்றன.

இதே இடத்தில் ஒரு சோதனையும் செய்துவிடலாம். தமிழ் இலக்கண மரபில் ல, ர, ட போன்ற எழுத்துகள் சொல்லின் முதலில் வருவதில்லை. வந்தால் முன்னால் ஓர் இகரமோ உகரமோ ஒட்டிக்கொள்ளும். உலோலாக்கின் ‘உ’ அப்படி ஒட்டியதுதான். ஆக, லோலாக்கு, ஜிமிக்கி, டாலர் மூன்றும் முதலெழுத்திலேயே தாங்கள் வெளியிலிருந்து வந்தவை என்று சொல்லிவிடுகின்றன.

ஆனால் இந்தச் சோதனை ஒரு பக்கம்தான் வேலை செய்யும். பதக்கம், கம்மல், புல்லாக்கு ஆகியவை தோற்றத்தில் அச்சுஅசல் தமிழ்ச்சொற்கள் போலவே இருக்கும். முதலெழுத்து உறுத்தவில்லை என்பதற்காகத் தமிழ் வேர் தேடிக் கிளம்பினால் இல்லாத வேரைக் கண்டுபிடித்துவிடுவீர்கள்.

வேரைப் பிடிப்பது

தொங்கட்டானில் வேர் வெளிப்படை: தொங்கு. தொங்கல், தொங்கட்டம், தொங்கட்டான் எல்லாம் அதன் கிளைகள். வேர் தெளிவாகத் தெரியும்போதும் அக்கம்பக்கத்து மொழிகளைப் பார்ப்பது நல்லது. கன்னடத்தில் ‘தொங்கல்’ என்றால் கொத்து, குஞ்சம். மலையாளத்தில் ‘தொங்ஙல்’ என்பது ஓரத்தில் தொங்கும் அலங்கார விளிம்பு. ஒரு சேதியைக் கண், மூக்கு, காது வைத்துச் சொல்வதை மலையாளிகள் ‘பொடிப்பும் தொங்ஙலும்’ வைத்துச் சொல்வது என்பார்கள். நகை ஆடை இரண்டையும் தாண்டி, அலங்காரம் என்ற பொருளுக்கே அந்தச் சொல் போய்விட்டது.

தமிழிலும் ‘தொங்கல்’ காதணியோடு நிற்கவில்லை. பூமாலை, முந்தானை, குஞ்சம், மயிற்பீலிக் குடை என்று பல பொருள்கள் அகராதிகளில் உண்டு. பழைய காப்பியத்தில் ஓர் அரசன் ‘தொங்கல்’ அணிந்திருந்தால் அவன் காதைப் பார்க்காதீர்கள். பெரும்பாலும் அது மார்பில் கிடக்கும் மாலை. யாழ்ப்பாணத்துப் பேச்சில் தொங்கல் என்றால் கடைக்கோடி. ஒழுங்கையின் தொங்கலில் வீடு என்றால் தெரு முடிகிற இடத்தில் இருக்கிறது என்று பொருள்.

‘தொங்கு’ ஒன்றே தமிழின் தொங்கும் வேர் என்று நினைத்தால் பாதிச் சொற்கள் கைநழுவும். இன்னும் இரண்டு வேர்கள் உண்டு.

ஒன்று, தூங்கு. இன்று அது உறக்கம். பழந்தமிழில் தொங்குவது, ஆடுவது. சோழன் ஒருவனை ‘தூங்கெயில் எறிந்த’ என்று புகழும் இடத்தில், உறங்கிக்கொண்டிருந்த கோட்டையை அவன் தாக்கவில்லை. அந்தரத்தில் தொங்கிய கோட்டையை அழித்தான். இதன் பிறவினை தூக்கு, அதிலிருந்து தூக்கணம். தொங்கவிடப்பட்டது, தொங்கல், உறி என்றெல்லாம் அதற்குப் பொருள். சொல் வழக்கொழிந்துவிட்டது என்று பார்த்தால், பனையோலையில் கூட்டைத் தொங்கவிடும் தூக்கணாங்குருவி அதைக் கெடாமல் வைத்திருக்கிறது.

இங்கே நின்று ஒன்றைக் கவனிக்கலாம். லத்தீன் வேர் ‘தொங்கவிடு’ என்பதோடு ‘எடை போடு’ என்றும் பொருள் தரும். தராசில் எதையும் தொங்கவிட்டுத்தானே நிறுத்தார்கள்! தமிழில் ‘தூக்கு’ அதே பாதையில் போயிருக்கிறது: தொங்கவிடு, நிறு, ஆராய். ‘சீர்தூக்கிப் பார்’ என்கிறோமே, அதுதான். இரண்டு மொழிக்கும் உறவு இல்லை, கடன் வாங்கலும் இல்லை. தராசு பொதுவாக இருந்தது, அவ்வளவுதான். பொருள் ஒத்துப்போவதை வைத்து மட்டும் உறவு கட்டக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

இன்னொரு வேர், நால் அல்லது ஞால். தொங்குகிற வாயுடையது என்பதால் யானைக்கு ‘நால்வாய்’ என்று பெயர். நான்கு வாய் என்று பிரித்துவிட்டு விழிப்பவர்கள் உண்டு. எழுத்தில் மறைந்துபோன இந்த வினை பேச்சில் ஒட்டிக்கொண்டிருக்கிறது: கோபத்தில் யாராவது ‘நாண்டுக்கிட்டுச் சாகலாம்’ என்றால் அது ‘நான்றுகொண்டு’ என்பதன் திரிபு, நான்று என்றால் தொங்கி.

வந்த சொற்களின் வழித்தடம்

லோலாக்கின் பின்னால் இருப்பது வடமொழி ‘லோல’, அதாவது அசைகிற, ஆடுகிற. தெலுங்கிலும் கன்னடத்திலும் ‘லோலக’ என்ற வடிவம் கடிகார ஊசலையும் குறிக்கிறது. காதில் ஆடுவதற்கும் கடிகாரத்தில் ஆடுவதற்கும் ஒரே பெயர். ஜிமிக்கிக்கு இந்தியின் ‘ஜும்கா’ உறவு. அங்கே ‘ஜூம்’ என்றால் தள்ளாடு, அசைந்தாடு. மினுக்குகிறது, சிமிட்டுகிறது என்று ‘சிமிக்கி’க்குத் தமிழில் காரணம் சொல்ல ஆசையாக இருக்கும். ஒலி பொருந்துவது வேருக்குச் சான்று ஆகாது, விட்டுவிடுங்கள். புல்லாக்கு துருக்கி, உருது வழியாக வந்த ‘புலாக்’. மூக்கில் மாட்டும் வளையமான நத்து, இந்தியின் ‘நத்’.

பதக்கம் வடமொழி ‘பதக’த்திலிருந்து வந்தது. மணி பதித்துக் கழுத்துச் சரத்தில் தொங்கவிடும் தகடு என்பது அதன் பழைய பொருள். விருதாகத் தரும் வட்டத்துக்கும் அதே பெயர் வந்தபின், இன்றைய காதில் அதுவே முந்திக்கொள்கிறது. பொருள் மாறியதில் தவறில்லை. ஆனால் எழுதும்போது சூழலைக் கொடுக்க வேண்டும். ‘அவள் பதக்கம் அணிந்திருந்தாள்’ என்றால் விளையாட்டு வீராங்கனையா மணப்பெண்ணா என்று தெரியாது. ‘கல் பதித்த பதக்கம்’, ‘ஆரத்தின் பதக்கம்’ என்று ஒரு சொல் கூட்டினால் குழப்பம் தீரும்.

பேச்சில் ஜெயித்த சொல் டாலர். சங்கிலியோடு சேர்ந்து ‘டாலர் செயின்’. அமெரிக்கப் பணமேதான், நாணயம் போன்ற வட்டத்தைச் சங்கிலியில் கோத்ததற்கு நாணயத்தின் பெயர். அந்தப் பணத்தின் பெயரும் ஓர் ஊரிலிருந்து வந்தது. இன்றைய செக் நாட்டில் இருக்கும் யோவாகிம்ஸ்தால் என்ற பள்ளத்தாக்கில் 16ஆம் நூற்றாண்டில் வெள்ளி நாணயம் அடித்தார்கள். அது ‘யோவாகிம்ஸ்தாலர்’, பிறகு வெறும் ‘தாலர்’, பிறகு டாலர். ஜெர்மனில் ‘தால்’ என்றால் பள்ளத்தாக்கு. ‘தாலர்’ என்ற ஒலியைக் கேட்டுத் தாலியோடு முடிச்சுப் போட வேண்டாம். நாணயத்தைக் கழுத்தில் கோப்பது நமக்குப் புதிதில்லை, காசுமாலை இருக்கிறதே. கடன் வாங்கியது பெயரை மட்டும்தான்.

வட்டமாக இருந்தால்தான் டாலர் என்பதும் இப்போது இல்லை. பிள்ளையார் உருவம், எழுத்து, இதயம் எல்லாமே டாலர்தான். திறந்து மூடுகிற சின்னப் பெட்டி மட்டும் லாக்கெட். உள்ளே படம் வைக்க இடமில்லாததை அப்படி அழைப்பது தவறு.

இலையா, ஆட்டமா

காதணிப் பெயர்களை ஒரு தாளில் இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதிப் பாருங்கள். ஒரு பக்கம் தொங்கட்டான், லோலாக்கு, ஜிமிக்கி. இவை எந்த மொழியிலிருந்து வந்தாலும் பெயர் ஆட்டத்திலிருந்து வருகிறது.

இன்னொரு பக்கம் தோடு, காதோலை, கம்மல். இவற்றின் பெயர் இலையிலிருந்து. தோடு என்றால் ஏடு, இதழ். பனையோலையைச் சுருட்டிக் காதுத் துளையில் செருகியது பொன்னானபோதும் பெயரை விடவில்லை. ‘சுருள்தோடு’ என்று திருவாசகம் சொல்வது இந்தச் சுருட்டலைத்தான். கம்மலுக்குத் தெலுங்கு ‘கம்ம’. அங்கேயும் பனையோலைதான், காதணியும்தான். தமிழும் தெலுங்கும் தனித்தனிச் சொல்லில் ஒரே காட்சியைப் பிடித்திருக்கின்றன.

இந்தப் பிரிவு வெறும் சுவாரசியத்துக்கு அல்ல. செருகும் நகையா, தொங்கும் நகையா என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. மாற்றுச்சொல் தேடும்போது ஒரு பத்தியிலிருந்து மறுபத்திக்குத் தாவாதீர்கள்.

குழையை எந்தப் பத்தியில் போடுவது? குழைக்குத் தளிர் என்ற பொருளும் உண்டு, அதனால் இலைப் பக்கம் தள்ளத் தோன்றும். ஆனால் பக்தி இலக்கியத்தில் சிவன் காதின் குழை சங்கால் ஆன வெண்குழை. ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள் இருப்பதாலேயே ஒன்று மற்றதிலிருந்து பிறந்தது என்றாகாது. தனியாக வைத்துவிடுங்கள். தோடும் குழையும் ஒன்று என்றும் எழுதக்கூடாது: அம்மையப்பனாகப் பாடும்போது ஒரு காதில் தோடு, மறு காதில் குழை என்று பிரித்தே சொல்கிறார்கள். இரண்டும் ஒன்றானால் அந்தப் படிமமே விழுந்துவிடும்.

குண்டலம் வடமொழி. வளையம், சுருள் என்பது கருத்து. குண்டலினியும் அதே வேர். வட்டமாக இருப்பதுதான் அதன் அடையாளம், தொங்குவது கட்டாயமில்லை.

தென்மாவட்டங்களின் பாம்படமும் தண்டட்டியும் இன்னொரு உலகம். சிறுவயதிலேயே காதைத் துளைத்து, ஈயக் குணுக்கு மாட்டி எடையால் துளையை நீட்டி வளர்த்த காதில் போடும் நகைகள் அவை. பாம்படம் பார்வைக்குக் கனமான பொற்கட்டி போல இருந்தாலும் உள்ளே அரக்கு, மேலே பொன்தகடு. இவற்றை லோலாக்கு என்றோ ஜிமிக்கி என்றோ ‘எளிமைப்படுத்தி’ எழுதுவது தகவலை அழிப்பது. பெயரை அப்படியே வைத்து ஒரு வரி விளக்கம் கொடுங்கள்.

நூல்களில் தேடும் முறை

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியிலிருந்து தொடங்குவது வசதி. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது, இணையத்திலும் தேடலாம். சொல்லுக்குப் பக்கத்தில் வேரும், பொருளுக்குப் பக்கத்தில் அது எந்த நூலில் வந்தது என்ற சுருக்கக் குறியும் இருக்கும். அந்தக் குறியைத் தவறாமல் பாருங்கள். ‘பிங்.’ என்று இருந்தால் பிங்கல நிகண்டு, அதாவது செய்யுளில் எழுதிய பழைய சொற்பொருள் நூல். நிகண்டை மட்டுமே சான்றாகக் கொண்ட பொருளை இன்றைய எழுத்தில் பயன்படுத்தினால் யாருக்கும் புரியாது. பிறகு வின்சுலோவின் 1862ஆம் ஆண்டு அகராதி, திராவிட மொழி ஒப்பீட்டுக்கு பரோவும் எமனோவும் தொகுத்த வேர்ச்சொல் அகராதி. பின்னதில் 1984இல் வந்த இரண்டாம் பதிப்பைப் பயன்படுத்துங்கள். வடமொழியிலிருந்தோ உருதுவிலிருந்தோ வந்த சொல் அதில் பொதுவாகக் கிடைக்காது; கிடைக்காததும் ஒரு தகவல்தான்.

நிகண்டில் தேடுவதாக இருந்தால் அணிகலன்கள் ‘செயற்கை வடிவப் பெயர்’ தொகுதியில் இருக்கும். சூடாமணி நிகண்டில் பன்னிரண்டில் அது ஏழாவது. ஒரு சொல்லின் பல பொருள்களைப் பார்க்க பதினோராவது தொகுதிக்குப் போக வேண்டும். அங்கே அகரவரிசையை நம்பிப் போனால் ஏமாற்றம்தான். எதுகைப்படி, அதாவது இரண்டாம் எழுத்தை வைத்து அடுக்கியிருப்பார்கள். குழையைத் தேடினால் ‘கு’வில் அல்ல, ‘ழ’வில் பாருங்கள்.

மாற்றுச்சொல்லா என்று சோதிப்பது

இரண்டு சொல்லும் வரக்கூடிய ஒரு வாக்கியத்தை எழுதி, ஒன்றை எடுத்து மற்றதைப் போடுங்கள். ‘நடக்கும்போது அவள் காதில் லோலாக்கு ஆடியது.’ இங்கே தொங்கட்டான் வரும், ஜிமிக்கியும் வரும். கம்மல் வராது, அது ஆடாது. ‘குடை ஜிமிக்கி’ என்பதில் லோலாக்கைப் போட முடியாது, ஏனென்றால் குடை வடிவம் ஜிமிக்கிக்கே உரியது. ‘சங்கிலியில் டாலர் கழன்று விழுந்தது’ என்பதில் பதக்கம் போட்டால் பொருள் நிற்கிறது, தொனி மாறுகிறது: வீட்டில் பேசுவது போல இருந்த வாக்கியம் செய்தித்தாள் வாக்கியம் ஆகிவிடுகிறது. ஆக, பொருள், வடிவம், தொனி என்று மூன்று சல்லடை. மூன்றிலும் தேறினால் மட்டும் ‘மாற்றுச்சொல்’ என்று போடுங்கள். இரண்டில் தேறினால் ‘நெருங்கிய சொல்’. இந்த ஒரு வேறுபாட்டைக் காட்டாததால்தான் பல இணையப் பட்டியல்களில் பதக்கம், குண்டலம், தோடு, மாலை எல்லாம் ஒரே மூட்டையில் கிடக்கின்றன.

இதையெல்லாம் செய்தபின் குறிப்பு சின்னதாகத்தான் வரும். தொங்கட்டானுக்கு இப்படி:

*தொங்கட்டான்* (பெயர்ச்சொல்): காதுத் துளையிலோ தோட்டின் அடியிலோ மாட்டி, ஆடும்படி கீழே தொங்கவிடும் அணி. வேர்: தொங்கு. வேறு வடிவம்: தொங்கட்டம். மாற்றுச்சொல்: லோலாக்கு. நெருங்கிய சொல்: ஜிமிக்கி (குடை வடிவானது), தொங்கல் (மாலை, முந்தானை, குஞ்சம் என்ற பொருள்களும் உண்டு). குழப்பிக்கொள்ளக் கூடாதவை: தோடு, கம்மல், கடுக்கன். எடுத்துக்காட்டு: *தலையை ஆட்டிப் பேசும்போதெல்லாம் பாட்டியின் தொங்கட்டான் கன்னத்தில் இடித்தது.*

நகை அல்லாத இடத்தில் இந்தச் சொற்கள் எதையும் இழுத்து வராதீர்கள். விளக்கு என்றால் தொங்குவிளக்கு, பெரும்பான்மை இல்லாத அவை என்றால் தொங்கு சட்டசபை. அங்கே ‘தொங்கு’ என்ற வேர்ச்சொல்லே வேலையை முடித்துவிடும்.